வருகிறேன் என்று சொல்லாதவள்

பதினொரு வருடம் நான் அவளோடு ஒரே மெசினில் நின்றேன். அந்தப் பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனதில்லை. ஒரு நாள்கூட வராமல் விட்டதும் இல்லை.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. பிழிந்து வருகிற கட்டில் விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுப்பது எங்கள் வேலை. விரிப்பின் ஒரு மூலையை நான் பிடிப்பேன், மறு மூலையை அவள் பிடிப்பாள். உதறி, இழுத்து, ஒரே நேரத்தில் உருளையில் வைக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் துணி சுருண்டு மெசின் நின்றுவிடும், மேற்பார்வைக்காரி வந்துவிடுவாள். எங்கள் மெசின் நின்றது குறைவு. வாயால் ஒன்றும் சொல்லாமலே அவளுடைய கை எப்போது அசையும் என்று எனக்குத் தெரியும்.

வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் எல்லாரும் "பிஸ் மோர்கன்" சொல்லித்தான் பிரிவோம். நாளைக்குக் காண்போம் என்று அர்த்தம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, தும்மல் மாதிரி வரும். அவள் மட்டும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சொன்னவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவாள். தலையைக்கூட ஆட்ட மாட்டாள். இவள் சரியான ராங்கிக்காரி என்று முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மேலதிக வேலைக்கு வருகிறவர்கள் சுவரில் தொங்குகிற தாளில் தங்கள் பெயருக்கு நேரே கோடு போட வேண்டும். அவள் பெயருக்கு நேரே எப்போதும் வெறுமைதான். சனி விடிய ஐந்தரைக்கு நான் போனால் கதவடியில் முதல் ஆளாக நிற்பாள். மேற்பார்வைக்காரிக்கு இது பெரிய தலையிடி.

"வாறதெண்டால் எழுத வேணும். எழுதாமல் வந்தால் நான் உம்மை எங்கை போடுறது?"

"நான் இப்ப இஞ்ச நிக்கிறன்" என்றாள் அவள். "அது காணாதோ?"

அந்த மனுசி என்னையும் அவளையும் மெசினுக்கு அனுப்பிவிட்டாள்.

நாங்கள் இருவரும் பேசியது உடைந்த டொச்சில், ஜேர்மன் மொழியில். அதைத்தான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவள் கோபிக்க மாட்டாள்.

டெர்மின், முன்கூட்டியே எடுக்கிற நேரம், இல்லாமல் இந்த நாட்டில் ஒரு பல்லைக்கூடப் பிடுங்க முடியாது. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவு முழுக்க டெர்மின் துண்டுகள்தான். அவள் வாழ்நாளில் ஒரு டெர்மினும் எடுத்ததில்லை. பல்வலி வந்தால் வேலை முடிந்து பல் வைத்தியரிடம் போய், பின்னேரம் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்று, உள்ளே விட்டதும் ஒரு மூலைக் கதிரையில் இருந்துவிடுவாள். ஒரு கடைவாய்ப் பல்லுக்காக மூன்று நாள் அப்படிப் போய் இருந்தாள். மூன்றாம் நாள் அவர்களுக்கே அலுத்துப்போய்க் கூப்பிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கண் சோதனைக்கு நானே அவளுக்காகத் தொலைபேசியில் டெர்மின் எடுத்துக் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

"நான் வருவன் எண்டு சொன்னீரோ?" என்று கேட்டாள்.

"ஓம். புதன்கிழமை ஒன்பது மணிக்கு."

அவளுடைய முகம் வெளிறிப்போனது. "எனக்காக நீர் ஏன் சொன்னீர்?" என்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. புதன்கிழமை அங்கே போகவும் இல்லை. முதல் நாள் செவ்வாய்க்கிழமையே வேலை முடிந்து போய் மாலைவரை இருந்து கண்ணைக் காட்டிவிட்டு வந்தாள்.

அவளை எல்லாரும் மெக்சிக்கோக்காரி என்பார்கள். மறுக்க மாட்டாள், ஆனால் திரும்பியும் பார்க்க மாட்டாள். ஸ்பெயினில் இருந்து புதிதாக வந்த ஒருத்தி ஒருநாள் ஆசையோடு ஸ்பானிஷில் கதை தொடங்க, இவள் நாலு சொல்லில் முடித்துக்கொண்டு என்னருகே வந்து நின்றாள். "உம்மட பாசைக்காரிதானே, ஏன் வந்திட்டீர்?" என்று கேட்டேன்.

"அது பள்ளிக்கூடத்தில அடிச்சுப் பழக்கின பாசை. என்ர பாசை சோக்கே."

நான் கேள்விப்பட்டதே இல்லை. மெக்சிக்கோவின் தெற்கில், சியாபாஸ் மலைப்பக்கம் தன் ஊர் என்றாள். சோக்கே என்பதும் ஒரே மொழி இல்லையாம். காட்டுப் பக்கத்துச் சோக்கேக்காரர் கதைத்தால் தனக்குப் பாதியும் விளங்காது என்றாள். தங்களை அவர்கள் "ஓதே பூத்" என்று சொல்வார்களாம், பேச்சு உள்ள சனம் என்று கருத்தாம். பேச்சு உள்ள சனமா இப்படி வாயை மூடிக்கொண்டு திரிகிறது என்று பகிடி விட்டேன். "அதுதான் பாத்துப் பேசுறன்" என்றாள். சிரிக்கவில்லை.

அவள் சிரித்தது வேறொரு நாள். ஒரு ஜேர்மன்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள் அவள். பிறகு அவன் வேறு இடம் பார்த்துப் போய்விட்டான், அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. முதன்முதலாக வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனபோது, அவளைக் கேளாமலே ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்து இருத்தினார்களாம். என் கதையைச் சொன்னேன். அகதியாக வந்து இறங்கிய எனக்கு அவர்கள் வைத்தது சிங்கள மொழிபெயர்ப்பாளர். அந்த மனிதர் பாவம், என்னுடைய சிங்களத்தைவிட மோசமான தமிழில் எனக்கு உதவி செய்யப் பார்த்தார். யாரிடமிருந்து தப்பி வந்தாய் என்று அவரே என்னைக் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்டுத்தான் சிரித்தாள். அன்று முதல் நாங்கள் கூட்டாளிகள்.

பத்து மணி இடைவேளைக்கு ஒரு போத்தல் கொண்டுவருவாள். அவித்து அரைத்த சோளமும் கொக்கோவும் பிசைந்து தண்ணீரில் கரைத்த பானம். அடியில் மண்டி தங்காமல் போத்தலைச் சுழற்றிச் சுழற்றிக் குடிப்பாள். எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றி என் கையருகே தள்ளிவிடுவாள். "வாரும், குடியும்" என்று கூப்பிட்டதில்லை. முதலில் மாவைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. பிறகு அது இல்லாத இடைவேளை எனக்கு இடைவேளையாகவே தெரியவில்லை.

நான் வேலை முடிந்து போகும்போது பழக்கத்தில் தமிழில்தான் சொல்வேன். ஒருநாள் அதற்கு என்ன கருத்து என்று கேட்டாள்.

"போட்டு வாறன். போய், திரும்பி வாறன் எண்டு. எங்கட ஆக்கள் வெளிக்கிடேக்க 'போறன்' எண்டு சொல்ல மாட்டினம். கூடாது."

"திரும்பி வராட்டி?"

எனக்கு அப்போது என்னைப் பெற்ற ஐயாவின் நினைவு வந்தது. இருபத்திரண்டு வயதில் நான் ஜேர்மனிக்கு வெளிக்கிட்டபோது ஐயா வீட்டு வாசல் படலையடியில் நின்றார். "போட்டு வாறன் ஐயா" என்றேன். அதன் பிறகு நான் ஐயாவைக் காணவில்லை. சனம் இடம்பெயர்ந்து போன ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூட விறாந்தையில் அவர் செத்துப்போனார் என்று தொலைபேசியில் அறிந்தேன். நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, அந்த மனிதர் அத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்பதுதான் என்னை அரிக்கிற விஷயம். இதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப உங்கட ஆக்கள் வாசலில நிண்டு பொய் சொல்லுறவை."

"பொய் இல்லை" என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம். "வழியனுப்பிறவையின்ர மனத்துக்குச் சொல்லுறது."

அவள் விரிப்பின் மூலையை எடுத்தாள். நானும் எடுத்தேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மகளின் கலியாணம் வந்தது. எங்களுடைய ஆட்களிடம் கலியாணம் சொல்வதென்றால் வீட்டுக்குப் போய்க் கையில் கார்ட் கொடுத்துச் சொல்ல வேண்டும். தபாலில் அனுப்பினால் ஆயுளுக்கும் அது குறையாக நிற்கும். இருநூறு வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். எல்லாரும் "வராமல் விடுவமோ" என்றார்கள், அதில் கால்வாசிப் பேர் வரமாட்டார்கள் என்று எங்களுக்கும் தெரியும். அவளுடைய வீட்டுக்கு மட்டும் நான் தனியாகப் போனேன். அவள் ஒருநாளும் என்னைக் கூப்பிடாத வீடு. கார்ட்டை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீர் கட்டாயம் வர வேணும்" என்றேன்.

கார்ட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ட்ராம் தரிப்பிடத்து வாங்கில் வந்து குந்தி இரண்டு நிமிடமில்லை, வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். கார்ட்டை என் மடியில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே திரும்பி நடந்தாள்.

செருப்பால் அடித்தால்கூட அப்படி நொந்திருக்காது. ஒரு மாதம் நான் அவளோடு கதைக்கவில்லை. விரிப்பின் அந்த மூலையில் அவள், இந்த மூலையில் நான். உதறுவோம், இழுப்போம், வைப்போம். மெசினுக்கு எங்கள் கோபம் தெரியாது. இடைவேளையில் கோப்பை என் கையருகே வரும், நான் தொட மாட்டேன். அவள் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைப்பாள்.

ஒரு மாதம் முடிந்த ஒரு பிற்பகல், ட்ராமுக்குக் காத்திருந்தபோது அவளாகத்தான் தொடங்கினாள். எந்த முகவுரையும் இல்லை.

"எனக்கு ஏழு வயசு. அம்மா சந்தைக்குப் போட்டா. அப்பாவும் அண்ணன்மார் ரண்டு பேரும் பக்கத்தில சோளத் தோட்டத்தில வேலை. வீட்டில நான் மட்டும். ஒரு மனுசி வந்தது. வெள்ளை உடுப்பு. எங்கட ஊரில காணாத ஆள். எங்கட வீட்டில கொண்டாட்டம், நீங்கள் எல்லாரும் வர வேணும் எண்டுது. நான் ஓம், வாறம் எண்டன். ஆர் ஆர் வாறியள் எண்டு கேட்டுது. பேரைச் சொன்னன். அப்பா, பெரியண்ணன், சின்னண்ணன்."

ட்ராம் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

"அம்மா அண்டைக்கு ஊரில நிக்காதபடியால் அம்மான்ர பேரைச் சொல்ல மறந்திட்டன். என்ர பேரை நானே சொல்லுறதோ எண்டு வெக்கத்தில விட்டிட்டன்."

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குள் ஊருக்கு மேலே இருந்த எரிமலை வெடித்தது. தாய் தகப்பனும் பிள்ளைகளும் சனத்தோடு சனமாக இறங்கி ஓடினார்கள். மாடுகளைப் பார்க்கவென்று தகப்பனும் இரண்டு தமையன்மாரும் திரும்பிப் போனார்கள். மலை இரண்டாம் தரம் வெடித்தபோது அவர்கள் அங்கே நின்றார்கள். ஊர் சாம்பலுக்குக் கீழே போய்விட்டது. மிஞ்சிய சனத்தை எங்கேயோ தூரத்தில் குடியேற்றி, பழைய ஊர்ப் பெயருக்கு முன்னால் "புதிய" என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்த மலைக்குச் சொந்தக்காரி ஒரு பெண் என்றும், வெடிக்கும் முன் வீடு வீடாக வந்து தன் கொண்டாட்டத்துக்குச் சொல்லிவிட்டுப் போவாள் என்றும் அங்கே எல்லாருக்கும் தெரியுமாம். என் கூட்டாளிக்கு அது தெரிந்தது பிறகுதான், பெரியவர்கள் கதைத்ததைக் கேட்டு. வந்த மனுசியைப் பற்றித் தாயிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"அது ஆரும் வழிப்போக்கியா இருந்திருக்கும்" என்றேன்.

"இருக்கலாம்" என்றாள். "பேரைச் சொன்னது நான்தானே."

அடுத்த நாள் இடைவேளையில் கோப்பை வந்தபோது எடுத்துக் குடித்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கலியாணத்தன்று மண்டபத்தில் கண் அவளைத் தேடியது. அவளைக் காணவில்லை. பந்தி தொடங்கியபிறகு என் மச்சாள் வந்து, "உங்கட சமையலறையில நீல உடுப்போட ஒரு மனுசி நிக்குது, ஆர் பிடிச்ச ஆள்? நல்லா வேலை செய்யுது" என்றாள். பின்கதவால் வந்திருக்கிறாள். சலவைக்கூடத்து நீல மேலுடுப்போடு, முழங்கை வரை சவர்க்கார நுரையோடு சோற்றுக் கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறாளாம்.

"வந்திட்டீர்" என்றேன்.

"வேலைக்கு வந்தனான்" என்றாள். கொண்டாட்டத்துக்கு வரவில்லை என்பதை அந்த மலைக்காரிக்கும் கேட்கட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. மகள் கூறைச் சேலையோடு அங்கே வந்து காலில் விழப்போக, ஈரக் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பிறகு கையைத் துடைத்து, மகளின் கொண்டையில் சரிந்திருந்த பூவை எடுத்து நிமிர்த்திக் குத்திவிட்டாள். பந்தியில் இருக்கவில்லை. சட்டியில் மிஞ்சிய புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் நின்றபடி சாப்பிட்டாள். அன்று அந்த மண்டபத்தில் எனக்கு நிறைவாக இருந்த இடம் அந்தச் சமையலறைதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவளுடைய தாய் படுக்கையில் விழுந்தாள். பார்க்க வேறு ஆள் இல்லை. இவள் வேலையை விட்டுவிட்டுப் போவதென்று முடிவெடுத்தாள். நாட்டுக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் இவளுடைய இருப்பு அனுமதி போய்விடும். கூடுதலான காலம் கேட்கலாம், அதற்கு ஓர் அன்ட்ராக், விண்ணப்பம், போட வேண்டும். என் மகள் எல்லாவற்றையும் நிரப்பி அச்செடுத்துத் தந்தாள். ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. எந்தத் திகதியில் திரும்பி வருவீர். அதற்குக் கீழே கையெழுத்து.

என் வீட்டுக் குசினி மேசையில் வைத்துப் பேனையைக் கையில் கொடுத்தேன். அவள் பேனையை மூடி வைத்தாள்.

"என்னத்தையாவது எழுதும்" என்றேன். "ஒரு வருசம் எண்டு போடும். பிறகு மாத்தலாம். எழுதாட்டி உம்மைத் திரும்ப விடமாட்டாங்கள், விளங்குதோ?"

"விளங்குது."

"அப்ப ஏன்?"

"அம்மா இருக்கிறவரைக்கும் நான் அங்க. வாற திகதி எழுதினால், அம்மா எப்ப போவா எண்டு நான் எழுதின மாதிரி." பேனையை என் பக்கம் தள்ளிவிட்டாள். "ஒருக்கா நான் மற்றவைக்காகச் சொன்னது காணும்."

அவளுக்குப் பதிலாக நானே ஒரு திகதியைப் போட்டு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். கண் வைத்தியரின் டெர்மின் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன். அந்தத் தாள் இன்னும் என் குசினி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அங்கே மேட்டில் ஏறி நின்றால்தான் கைபேசி வேலை செய்யுமாம். முதல் மாதம் ஒரு குரல்செய்தி அனுப்பினாள், பின்னால் கோழிச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. விரிப்பின் மறு மூலையில் இப்போது சிரியாக்காரி ஒருத்தி நிற்கிறாள். நல்ல பிள்ளை, தினமும் "பிஸ் மோர்கன்" சொல்வாள். நானும் சொல்வேன். மெசின் நிற்காமல் ஓடுகிறது.

அவளை டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும்தான் கூட்டிப்போனோம். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வாயில்வரை நான் கூடப் போனேன். போத்தலை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்றதால், மிச்சத்தைச் சுழற்றிக் கோப்பையில் ஊற்றி என்னிடம் தந்தாள். குடித்தேன். என்ன சொல்லி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. "பிஸ்" என்று வாய் தொடங்கிவிட்டது, நிறுத்திக்கொண்டேன். இவளிடம் ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை என்று பட்டது.

அவள் பையைத் தோளில் போட்டாள். எப்போதும் போல என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தமிழில், தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள்.

"போட்டு வாறன்."

திகதி எழுத மறுத்த அதே ஆள்தான், வழியனுப்புகிற என் மனத்துக்காக அதைச் சொன்னாள். அவள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அழுகை வரவில்லை.

"ஓம்" என்றேன். "போட்டு வாரும்."

அன்றைக்குப் படலையைப் பிடித்துக்கொண்டு ஐயாவும் "ஓம், போட்டு வா பிள்ளை" என்றுதான் சொன்னவர். அவர் நம்பிவிட்டார் என்றே இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன்.